சாவா மூவாப் பேராடும் ஆய்வு மானியமும்

திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மலையைப் பார்த்துக் கைகூப்புவார்கள். சுவரில் வெட்டியிருக்கும் எழுத்துகளை நின்று படிப்போர் அரிது. சோழர் காலந்தொட்டு வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை வரவு செலவுக் கணக்குகளே. இன்னார் இன்ன விளக்குக்கு இவ்வளவு ஆடு கொடுத்தார், இவ்வளவு பொன் கொடுத்தார், இவ்வளவு நிலம் கொடுத்தார் என்ற செய்திகள்தாம் அவை.

தமிழ்நாட்டுக் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்கு வழக்கமான அளவு 90 ஆடு அல்லது 96 ஆடு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட மன்றாடி, அதாவது ஆடு மேய்ப்பவன், நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்துப்போனால்? கிழடு தட்டினால்? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கல்வெட்டு மொழியில் இவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள்! ஈனும் குட்டிகளைக் கொண்டு செத்தவற்றை ஈடுகட்டி, மந்தையின் எண்ணிக்கையை என்றும் குறையாமல் வைத்திருப்பது மன்றாடியின் பொறுப்பு. கொடுத்த முதல் அழியக்கூடாது. குறித்த காரியம் நிற்கக்கூடாது. கணக்கு எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். இன்றைய மானிய விதிகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் எங்கோ படித்தது போலத் தோன்றும்.

மருத்துவத்துக்கு இப்படி மானியம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, பாலாற்றோடும் வேகவதியோடும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீரசோழன் என்னும் ஆதுலசாலையைப் பற்றி அது பேசுகிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. நோயாளிகளுக்கு 15 கிடை, மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர், நாவிதர், தண்ணீர் கொணர்வோர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். நோயாளியின் அன்றாட அரிசி, சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள், இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெய்வரை எல்லாம் எழுதியிருக்கிறது. சம்பளம், மருந்து, உணவு, சில்லறைச் செலவு எனத் தலைப்பு வாரியாகப் பிரித்த வரவு செலவுத் திட்டம் என்றே இதைச் சொல்லலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் தெரிந்த காரியங்களுக்குக் கொடுத்த மானியங்கள். விளக்கு எரியும், நோயாளி கஞ்சி குடிப்பார். இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆராய்ச்சி அப்படிப்பட்டதன்று. விடை தெரியாத கேள்விக்குப் பணம் கேட்பதுதான் ஆராய்ச்சி மானியம். கணக்குப் பார்க்கும் அலுவலகத்துக்கும் ஆராய்ச்சியாளனுக்கும் இடையே காலங்காலமாக நடந்துவரும் இழுபறிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் இந்த இழுபறியை முதலில் நன்றாக அனுபவித்தவர் ரொனால்டு ராஸ். இந்திய மருத்துவப் பணியில் இருந்த அவர், கொசுவால் மலேரியா பரவுகிறதா என்று கண்டறிய 1895-ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் முனைந்தார். அதற்கென்று மானியமும் இல்லை, ஓய்வு நேரமும் இல்லை. கொசுக்கடிக்கு உடம்பைக் கொடுத்த நோயாளிக்குக் கடி ஒன்றுக்கு ஓர் அணா வீதம் தம் கையிலிருந்தே கொடுத்தார். பாதியில் காலராவைத் தடுக்கும் வேலைக்கென்று பெங்களூருக்கு மாற்றினார்கள். மலேரியா வேலைக்கெனத் தனிப் பணி கேட்டார், கிடைக்கவில்லை. 1897-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு உதகமண்டலம் போனவர், சீகூர் மலைச்சரிவில் கொசு தேடி அலைந்து தாமே மலேரியாவில் படுத்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில், அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சி நிலையைக் கண்டார். உலகம் தேடிக்கொண்டிருந்த விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு வந்தது! இராஜபுதனத்தில் கேர்வாரா என்ற சிற்றூர். அங்கே மலேரியா நோயாளிகள் அரிது. லண்டனிலிருந்து பாட்ரிக் மேன்சன் விடாமல் பரிந்து எழுதியதன் பயனாக 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் தனிப் பணி கிடைத்தது. மனித மலேரியாவுக்கு நோயாளிகள் அங்கும் எளிதில் அகப்படாததால் பறவை மலேரியாவை எடுத்துக்கொண்டு, சூலைக்குள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிவரை கிருமியின் பாதையை முழுதும் காட்டிவிட்டார். 1902-இல் நோபல் பரிசும் வந்தது.

மேலதிகாரிகள் கெட்டவர்கள் என்று இதைக் கேட்பவர்கள் நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. மருத்துவரை வேறு ஊருக்கு அனுப்புவதற்கு விதி இருந்தது. ஆராய்ச்சி செய்ய விடுவதற்கு விதியே இல்லை. ஆகையால் எல்லாம் யாருக்கு யாரைத் தெரியும் என்பதில் வந்து நின்றது. ராசுக்கு ஒரு மேன்சன் இருந்தார். மேன்சன் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை.

விதி 1911-இல் பிறந்தது. இந்திய சர்க்கார் 5 லட்ச ரூபாய் ஒதுக்கி இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தை ஏற்படுத்தியது. அதன் நிர்வாகக் குழு 1911 நவம்பர் 15-ஆம் நாள் பம்பாய் பிளேக் ஆய்வுக்கூடத்தில் சர் ஹார்கோர்ட் பட்லர் தலைமையில் முதன்முறையாகக் கூடியது. பணத்தை நிர்வாகக் குழு அனுமதிக்கும். எந்த ஆய்வு தகுதியானது என்பதை அறிவியல் ஆலோசனைக் குழு சொல்லும். பணப்பெட்டியின் சாவி ஓரிடத்திலும் அறிவியல் தீர்ப்பு வேறிடத்திலும் இருக்கும் இந்த ஏற்பாடு இன்றளவும் நம் நாட்டு மானிய முறையின் எலும்புக்கூடாக இருந்துவருகிறது. 1913-இல் சங்கம் தன் ஆராய்ச்சி இதழையும் தொடங்கிற்று. 1949-இல் இச்சங்கமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் மாறியது. கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த சி.ஜி. பண்டிட் அதன் முதல் இயக்குநரானார்.

மானியம் ஓர் ஆய்வை எப்படி வளர்க்கும், எப்படி நிறுத்தும் என்பதைப் பார்க்க நாம் குன்னூருக்குப் போக வேண்டும்.

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்கெனத் திறக்கப்பட்டது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையின் ஒரு பங்கு அந்தக் கட்டடத்துக்குப் போயிற்று. அங்கே 1918-இல் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார் ராபர்ட் மக்காரிசன்.

மக்காரிசன் அயர்லாந்துக்காரர். 1878-இல் பிறந்தவர். கில்ஜித் மலைநாட்டில் மருத்துவராக இருந்தபோது கழுத்துக்கழலையைப் பற்றி ஆராய்ந்து பெயர் பெற்றார். கழலை கண்ட ஊரின் தண்ணீர்க் கசடைத் தாமே குடித்துச் சோதனை செய்த மனிதர். தண்ணீரில் உள்ள கிருமிதான் கழலைக்குக் காரணம் என்று அப்போது முடிவு கட்டினார். அயோடின் குறைவே முதன்மையான காரணம் என்று இன்று நாம் அறிவோம். விடையில் தவறியவர்தான் என்றாலும் ஆராயும் முறையில் கண்டிப்பானவர் என்று அவருக்கு மேலும் வாய்ப்புத் தந்தார்கள். மானியக் குழுக்களுக்கு இது பெருமை தரும் செய்தி.

பெரிபெரி என்பது கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து சாவில் கொண்டுபோய் விடும் நோய். சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில் அது இருந்தது. தமிழ் மாவட்டங்களில் அவ்வளவாக இல்லை. இரு பகுதியினரும் சோறு உண்பவர்களே. வேறுபாடு அரிசியில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தினால் உமியடியிலும் தவிட்டிலும் உள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசிமணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் ஆலையில் தீட்டினாலும் ஓரளவு தங்கும். பச்சரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டினால் எல்லாம் தவிட்டோடு போய்விடும். நம் பாட்டிமார் புழுங்கல் அரிசி சோற்றின் அருமையை வயிறு அறிந்து சொன்னார்கள். ஆய்வுக்கூடம் காரணத்தைச் சொல்லிற்று. அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு குறித்து மக்காரிசனும் நாரிசும் எழுதிய அறிக்கை 1924-இல் வெளியாயிற்று.

ஆனால் அந்த அறிக்கை அச்சாவதற்கு முன்பே ஆய்வின் தலையில் கத்தி விழுந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் சர்க்கார் கஜானாவில் பற்றாக்குறை. செலவைக் குறைக்க வழி சொல்லும்படி இன்ச்கேப் பிரபு தலைமையில் சிக்கனக் குழு ஒன்றை அமைத்தார்கள். அதன் அறிக்கை 1923-இல் வந்தது. பட்டாளம், ரயில் என்று பெரிய செலவுகளின் நடுவே குன்னூர் ஆய்வின் சிறு தொகையும் வெட்டில் போயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், குறைநோய்கள் பற்றிய மக்காரிசனின் புத்தகம் 1921-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்து, வெளிநாடுகளிலும் அவரை அழைத்துப் பேசச் சொல்லியிருந்தார்கள். வெளியே பேர் வாங்கித் தந்த வேலைதான் உள்ளே தேவையற்ற செலவாகத் தோன்றியது.

இரண்டு ஆண்டு நின்றால் என்ன, பிறகு தொடங்கிக்கொள்ளலாமே என்று கணக்கர் கேட்கலாம். சாலை போடும் வேலை என்றால் அது சரி. உணவாராய்ச்சியில் எலிகளும் புறாக்களும் தலைமுறை தலைமுறையாக ஒரே வகை உணவில் வளர்க்கப்பட வேண்டும். அந்தக் கூட்டம் கலைந்தால் ஓர் உத்தரவில் திரும்பி வராது. பழகிய உதவியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். பாதியில் நின்ற சோதனைக்கு எழுதிய குறிப்பு குறிப்பாகவே கிடக்கும். மன்றாடிக்குக் கொடுத்த ஆட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டு கழித்து நெய் எங்கே என்று கேட்ட கதைதான்.

1925-இல் ஆய்வு மீண்டும் உயிர் பெற்றது. இம்முறை மக்காரிசன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று அவருடைய அடுத்த வேலைகளைப் பார்த்தால் தோன்றுகிறது. பணம் கொடுப்பவர்களுக்கு விளங்கும் மொழியில் ஆராய்ச்சி பேச வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் வேதியியலார் விசுவநாத்துடன் சேர்ந்து, எரு இடும் முறை தானியத்தின் சத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்தார். உடனே அது விவசாயப் பிரச்சினையும் ஆயிற்று. லின்லித்கோ பிரபு தலைமையில் 1926-இல் வேளாண்மைக்கான ராயல் கமிஷன் வந்தபோது அதன் முன் சாட்சியம் சொன்னார். நாட்டு மக்களின் உணவு நாட்டின் செல்வத்தைப் பற்றிய விஷயம் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

எலிகளைக் கொண்டு அவர் செய்த சோதனை அனைவருக்கும் எளிதில் விளங்கக்கூடியது. ஒரே வயது, ஒரே எடை உள்ள எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். சோதனை முடிவில் சராசரி எடை: சீக்கியர் உணவு உண்ட எலிகள் 235 கிராம், பட்டாணியர் உணவு 230, மராட்டியர் 225, கூர்க்கர் 200, கன்னடர் 185, வங்காளியர் 180, சென்னைக்காரர் உணவு 155. கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் பச்சைக் காய்கறியும் ஒரு முனை. தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு மறுமுனை. ‘சென்னைக்காரர் உணவு’ என்று ஒன்றுதான் உண்டா என்பது எனக்கு எப்போதும் உள்ள ஐயம். செங்கம், போளூர்ப் பக்கத்துக் கேழ்வரகுக் களியையும் கம்பங்கூழையும் அந்த எலிகளுக்குக் கொடுத்திருந்தால் தராசு கொஞ்சம் வேறுவிதமாகப் பேசியிருக்கும். ஆயினும் ஓர் அட்டவணையில் முழு வாதமும் அடங்கிவிட்டது. கமிட்டிகளுக்கு வேண்டியதும் அதுதான்.

1928-இல் குன்னூர் ஆய்வு, உணவூட்ட ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற பெயரில் நிலையான நிறுவனமாயிற்று. பத்தாண்டுகளுக்கு முன் ஓர் அறை! அதே ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கென்று உணவைப் பற்றிச் சிறு நூல் ஒன்றையும் மக்காரிசன் எழுதினார். 1935-இல் அவர் ஓய்வு பெற, பன்னாட்டுச் சங்கத்தின் சுகாதாரப் பகுதியில் பணிபுரிந்த அய்க்ராய்ட் அந்த இடத்துக்கு வந்தார். அவர் காலத்தில், 1937-இல், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை வெளிவந்தது. ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் நாம் பார்க்கும் சத்து அட்டவணைகளுக்கெல்லாம் மூதாதை அதுவே. நிறுவனம் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

குன்னூர்க் கதையைச் சொன்னபின் சேத்துப்பட்டைச் சொல்லாமல் விட முடியாது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. பணமும் ஆளும் கொடுத்தவர்கள் நால்வர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். ஐந்தாண்டுத் திட்டம் என்றுதான் ஏற்பாடு. நான்கு வீட்டுக் கணக்கை ஒரே அடுப்பில் சமைப்பது எளிதா? ஆனால் கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்தது: காசநோயாளியைச் சானட்டோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வாலஸ் பாக்ஸ் தலைமையிலான குழுவின் முடிவு 1959-இல் வெளிவந்தது. சானட்டோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு நோயாளிகளிடம் நல்ல பலன். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலக நாடுகள் பலவற்றில் சானட்டோரியங்களின் காலம் முடிந்தது. ஐந்தாண்டுத் திட்டம் நிலையான நிறுவனமாகி இன்றும் அதே சேத்துப்பட்டில் இருக்கிறது.

இனி இக்காலத்துக்கு வருவோம். திருவண்ணாமலையில் 2013-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே பணிபுரியும் இளம் மருத்துவர் ஒருவர், சவ்வாது மலைப் பெண்களிடம் இரத்தசோகை ஏன் குறையவில்லை என்று ஆராய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். அவர் கண்முன் நிற்கும் காகிதங்களுக்கெல்லாம் மேலே சொன்ன கதைகளில் ஒரு வேர் உண்டு.

முதலில் ஆய்வுத் திட்டம். அறிவியல் குழுவும் நிதிக்குழுவும் அதைத் தனித்தனிக் கண்ணால் படிக்கும். 1911-இன் ஏற்பாடு அல்லவா! அடுத்தது நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். ராஸ் தம் கொசுவை யார் மீதும் கடிக்கவிட்டார், கேட்பாரில்லை. மனிதர்களிடம் செய்யும் ஆராய்ச்சிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் முதல் நெறிமுறைக் கொள்கையை வகுத்தது. 2000-இல் விரிவாக்கி, 2017-இல் புதுப்பித்தது. மலைவாழ் மக்களிடம் இரத்தம் எடுக்க வேண்டுமானால், அவர்களுக்கு விளங்கும் பேச்சில் விளக்கி, சம்மதம் பெற வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். குழு எப்போது கூடும் என்று முன்பே விசாரித்து வைப்பவர் தப்பித்தார். சிகிச்சை ஒன்றைச் சோதிப்பதானால் 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்னரே பதிய வேண்டும். வெளிநாட்டுப் பணம் அல்லது கூட்டு இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வரை போக வேண்டும்.

பணம் ஆய்வாளரின் கைக்கு வராது. நிறுவனத்தின் கணக்குக்கு வரும். புதியவர்கள் பலர் இங்கேதான் திகைப்பார்கள். உரித்தான ஆய்வுக்கு அனுமதி வந்துவிட்டது, பணமும் வந்துவிட்டது, ஆனால் ஒரு பெட்டி சோதனைக் குழாய் வாங்க மூன்று கையொப்பம். அரசு இணையச் சந்தை வழியாக வாங்க வேண்டிய பொருள் எது, ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியது எது என்பதெல்லாம் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இருக்கிறது. விதிப் புத்தகத்தை மருத்துவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கணக்குப் பிரிவில் அதை அறிந்தவர் ஒருவர் இருப்பார். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து வரவு செலவுத் திட்டத்தைப் படித்துக் காட்டினால் பிற்பாடு பாதி வம்பு குறையும். சம்பளத்துக்கு அனுமதித்த தொகையில் கருவி வாங்க முடியாது என்பதை அவர் முதல் நாளே சொல்லிவிடுவார்; தணிக்கையாளர் வந்து சொல்லும்போது காலம் கடந்திருக்கும்.

மானியம் தவணையாக வரும். முதல் தவணை எப்படிச் செலவாயிற்று என்று காட்டினால்தான் அடுத்த தவணை. அதைக் காட்டும் தாளுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று பெயர். பொது நிதி விதிகளில் 12-ஏ படிவம். நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவ்வளவு நாள் காத்திருப்பவர் அடுத்த தவணைக்கும் அவ்வளவு நாள் காத்திருப்பார். இடையில் சம்பளம் இன்றிக் களப்பணியாளர் போய்விட்டால், மலையேறி வீடு வீடாகப் பழகிய அந்த முகம் திரும்பி வராது. குன்னூரில் எலிக்கூட்டம் கலைந்ததும் இதுவும் ஒன்றே. ஒரே வேறுபாடு, அங்கே கத்தி மேலிருந்து வந்தது. இங்கே சில சமயம் நம் மேசையிலேயே கிடக்கிறது.

வங்கியில் கிடந்த மானியத் தொகைக்கு வட்டி வந்தால் அது ஆய்வாளருக்கும் இல்லை, கல்லூரிக்கும் இல்லை. இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்தப்பட வேண்டும். இந்த ஓர் இடத்தில் சோழர் காலத்து மன்றாடி கொடுத்து வைத்தவன். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நெய் அளந்துவிட்டால், மிஞ்சிய குட்டியும் பாலும் அவனுடையவை. வாங்கிய கருவிகளின் கதை மட்டும் பழைய ஆட்டின் கதையேதான். குளிர்பெட்டியோ நுண்ணோக்கியோ சொத்துப் பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும். ஆய்வு முடிந்த பிறகும் அனுமதி இல்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது. பதிவேட்டில் அது சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பதும் அந்தப் பதிவேட்டைத்தான். அதற்கப்புறந்தான் பொருளைக் காட்டச் சொல்வார்.